நர்சிங் படிக்கலாம்னு இருக்கேன்: டிப்ளமாவா டிகிரியா, கடைசி வரைக்கும் வார்டு டூட்டி தானா?

மலர்_புதுசு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், இங்க நிறைய நர்ஸ் அக்கா அண்ணா எல்லாம் இருக்கீங்கன்னு தெரிஞ்சு தான் எழுதுறேன். ஸ்கூல் முடிச்சாச்சு, சயின்ஸ் குரூப் தான், நர்சிங் எடுக்கணும்னு ரொம்ப நாளாவே ஆசை. அம்மாவுக்கு சம்மதம், அப்பா தான் பிடி குடுக்க மாட்டேங்குறாரு. "டாக்டர் சொல்றத செய்யுற வேலை, நைட் டூட்டி வேற, இதுக்கு எதுக்கு நாலு வருஷம் படிப்பு"ன்னு கேக்குறாரு, எனக்கு பதில் சொல்லத் தெரியல.

எனக்கு ஆசை வந்த காரணம், பாட்டி ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு நாள் நைட்டு நல்லா பேசிக்கிட்டு தான் இருந்தாங்க, டூட்டி சிஸ்டர் வந்து கையப் புடிச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்னாங்க, அப்புறம் எதுவும் சொல்லாம போயி டாக்டருக்கு போன் பண்ணாங்க, அரை மணி நேரத்துல பாட்டிய ஐசியூ மாத்திட்டாங்க. எங்க யாருக்கும் எதுவும் வித்தியாசமாவே தெரியல. அவங்க என்னத்த பாத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு புரியல.

என் கேள்வி எல்லாம் இது தான். டிப்ளமா போதுமா டிகிரி தான் எடுக்கணுமா? கணக்குல நான் சுமார், மருந்து டோஸ் கணக்கு எல்லாம் வரும்ங்குறாங்களே சமாளிக்க முடியுமா? ரத்தம் பாத்தா லேசா தல சுத்தும், அது போயிடுமா? படிச்சு முடிச்சா கடைசி வரைக்கும் வார்டுல தான் நிக்கணுமா, வேற என்ன வழி இருக்கு? வெளிநாடு போறதப் பத்தி தெரிஞ்சவங்களும் சொல்லுங்க ப்ளீஸ்.

ஐசியூ_அக்கா:

மலர், முதல்ல உன் பாட்டி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா அப்பா கேட்ட கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு.

அந்த சிஸ்டர் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாங்கன்னு சொல்றியே, அவங்க பல்ஸ் மட்டும் பாத்திருக்க மாட்டாங்க. பல்ஸ் பாத்து முடிச்ச பிறகும் கைய விடாம வெச்சிருந்து மூச்ச எண்ணியிருப்பாங்க. மூச்ச எண்ணுறோம்னு பேஷண்டுக்கு தெரிஞ்சா அவங்களே அறியாம மூச்ச மாத்திடுவாங்க, அதனால பல்ஸ் பாக்குற மாதிரியே நின்னுக்கிட்டு நெஞ்சு ஏறி எறங்குறத முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும், இது எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் குடுக்குறது. பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 வரைக்கும் நார்மல். உடம்புக்குள்ள ஏதோ கெட்டுப் போகுதுன்னா பி.பி. எறங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே மூச்சு தான் ஏற ஆரம்பிக்கும், பேஷண்ட் சிரிச்சு பேசிக்கிட்டே இருப்பாரு, மானிட்டர்ல பி.பி. அழகா இருக்கும், மூச்சு மட்டும் 26ல ஓடும். பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012ல ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்க, நியூஸ்னு பேரு, 2017ல திருத்தி நியூஸ்2 ஆக்குனாங்க. அதுல மூச்சு 25 இல்ல அதுக்கு மேல போனா அது ஒண்ணுக்கே 3 மார்க், உடனே யாராவது வந்து பாக்கணும். மூச்சு, ஆக்சிஜன் அளவு, பி.பி., பல்ஸ், ஜுரம், சுயநினைவு எல்லாம் சேத்து மொத்தம் 5 வந்தா அவசரம், 7 வந்தா எமர்ஜென்சி டீமையே கூப்பிடணும். உன் பாட்டிக்கு அன்னிக்கு என்ன நம்பர் வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, ஆனா நல்லா பேசிக்கிட்டிருந்தவங்கள ஒரு சிஸ்டர் நின்னு பாத்துட்டு உடனே டாக்டரக் கூப்பிட்டாங்கன்னா எனக்கு முதல்ல தோணுறது மூச்சு தான்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து ஒரு பேஷண்ட் பக்கத்துல சில நிமிஷம் நிப்பாரு, மிச்ச நேரம் பூரா அந்த பேஷண்ட் நம்ம கையில. டாக்டர எப்ப கூப்பிடணும்னு முடிவு பண்றது யாரு, நாம தான். கூப்பிட்டு என்ன சொல்லணும்னு தெரியணும், "டாக்டர் பேஷண்ட் சரியில்ல வாங்க"ன்னா நடுராத்திரில யாரும் எந்திரிச்சு வர மாட்டாங்க. இப்ப என்ன நடக்குது, பேஷண்டோட பின்னணி என்ன, நான் பாத்ததுல எனக்கு என்ன தோணுது, நீங்க என்ன செய்யணும்னு கேக்குறேன், இந்த நாலையும் வரிசையா சொல்றதுக்கு எஸ்பார்னு ஒரு முறையே இருக்கு, அமெரிக்க கடற்படையில இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. அப்பாகிட்ட இத சொல்லு. டாக்டர் எழுதுன மருந்து தப்பா இருந்தாலும் குடுக்குற கை நம்ம கை, கேள்வி கேக்காம குடுத்தா அதுக்கு நம்ம லைசென்ஸ் தான் பதில் சொல்லணும். அதுக்கு தான் அத்தன வருஷம் படிப்பு.

டிப்ளமாவா டிகிரியாங்குறது ரெண்டாவது கேள்வி மா. முதல் கேள்வி, அந்த கோர்ஸ் முடிச்சா நர்சிங் கவுன்சில்ல உன் பேர ரிஜிஸ்டர் பண்ண முடியுமா முடியாதா. இத காலேஜ்காரங்க சொல்றத நம்பாம கவுன்சில் வெப்சைட்ல அந்த காலேஜ் பேரும் அந்த கோர்ஸ் பேரும் ரெண்டுமே இருக்கான்னு நீயே பாத்துக்கோ. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா நர்சிங் அசிஸ்டன்ட், ஹெல்த் கேர் அசிஸ்டன்ட்னு குறுகிய கால கோர்ஸ் நிறைய இருக்கு, பேர்ல நர்சிங் இருக்கும், ரிஜிஸ்டிரேஷன் கிடைக்காது. அந்த வேலையும் நல்ல வேலை தான், அவங்க இல்லாம எந்த வார்டும் ஓடாது, ஆனா நீ நர்ஸ் ஆகணும்னு நெனச்சு அதுல சேந்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சு தெரிய வந்தா மறுபடி முதல்ல இருந்து தான்.

ரெண்டுமே ரிஜிஸ்டிரேஷன் குடுக்குதுன்னா, குடும்ப நிலைமை எடம் குடுத்தா டிகிரி எடு. பெட் பக்கத்துல வேலையில பெரிய வித்தியாசம் இருக்காது, நான் பாத்த டிப்ளமா சிஸ்டர்ஸ் சில பேர் மாதிரி கை சுத்தமா வேலை செய்யுறவங்கள வேற எங்கயும் பாத்ததில்ல. ஆனா மேல்படிப்பு, டீச்சிங், ஸ்பெஷலிஸ்ட் போஸ்ட், வெளிநாடு இதெல்லாம் வர்றப்ப டிகிரி இருக்கான்னு தான் கேப்பாங்க. இப்ப முடியலன்னா கவலப்படாத, டிப்ளமா முடிச்சு வேலைக்குப் போயிட்டு அப்புறம் டிகிரியா மாத்திக்கிற பிரிட்ஜ் கோர்ஸ் நிறைய நாட்டுல இருக்கு.

பாடம்_எடுக்குறவர்:

மேல அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், கணக்கு பயத்தப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா வருஷா வருஷம் முதல் வாரத்துல இதே முகத்த பாக்குறேன்.

உங்களுக்கு வேண்டிய கணக்கு பெருக்கல் வகுத்தல் விகிதம், அவ்வளவு தான். டாக்டர் 75 மில்லிகிராம் எழுதியிருக்காரு, ஆம்பூல்ல (ஊசி மருந்து இருக்குற சின்ன கண்ணாடிக் குப்பி) 2 மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கு, எத்தன மில்லி எடுப்பீங்க? 75ஐ 100ஆல வகுத்து 2ஆல பெருக்குனா ஒன்றரை மில்லி. ட்ரிப்ஸ் கணக்கும் இதே தான், ஒரு லிட்டர் 8 மணி நேரத்துல போகணும், ட்ரிப்ஸ் ட்யூப் செட்ல ஒரு மில்லிக்கு 20 சொட்டுன்னு போட்டிருக்கு, மொத்தம் 20,000 சொட்டு, 8 மணி நேரம்னா 480 நிமிஷம், வகுத்தா நிமிஷத்துக்கு 42 சொட்டு. இது வராதுன்னு சொல்றவங்க யாரும் இல்ல. தப்பு நடக்குறது கணக்குல இல்ல, யூனிட்டுல. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம், அவசரத்துல அத கவனிக்காம விடுறது தான் ஆபத்து. அதனால நான் பசங்களுக்கு சொல்றது, கணக்கு போடுறதுக்கு முன்னாடியே விடை சுமாரா எவ்வளவு வரும்னு மனசுல ஒரு அளவு வெச்சுக்கோங்க, ஒரு ஆம்பூலுக்கு கொஞ்சம் கம்மியா வரும்னு நெனச்ச எடத்துல விடை எட்டு ஆம்பூல்னு வந்தா கைய நிறுத்திட்டு இன்னொருத்தர கூப்பிட்டு காட்டுங்க. அரை மில்லிகிராம்னா புள்ளிக்கு முன்னாடி கண்டிப்பா பூஜ்யம் போட்டு 0.5னு எழுதணும், 5 மில்லிகிராம்ன்னா 5னு மட்டும் எழுதணும், 5.0ன்னு எழுதக் கூடாது, அந்த புள்ளி மங்கிப் போச்சுன்னா படிக்கிறவங்களுக்கு அது 50. இந்த மாதிரி பழக்கம் எல்லாம் முதல் வருஷமே கையில ஒட்டிக்கணும்.

படிக்கிற விதத்துக்கு வர்றேன். அனாட்டமி ஃபிசியாலஜிய மனப்பாடம் பண்ணி பாஸ் பண்ணிடலாம், ஆனா அப்படி பாஸ் பண்ணவங்க தான் ரெண்டாவது வருஷம் மெடிக்கல் சர்ஜிக்கல் வந்ததும் திணறுறாங்க. ஒவ்வொண்ணையும் "அதனால என்ன ஆகும்"னு கேட்டுக்கிட்டே போகணும். இதயத்தோட இடது பக்கம் சரியா பம்ப் பண்ணல, அதனால ரத்தம் பின்னாடி தேங்குது, எங்க தேங்கும், நுரையீரல்ல, அதனால தான் அந்த பேஷண்டால மல்லாந்து படுக்க முடியல, தலகாணி அடுக்கி உக்காந்துக்கிட்டே தூங்குறாரு. வலது பக்கம்னா? உடம்புல தேங்கும், கால் வீங்கும். வீக்கம் எறங்க நீர் பிரியுற மாத்திர குடுக்குறோம், அதுல பொட்டாசியமும் சேந்து வெளிய போயிடும், அதே ஆளு டிகாக்சின்ங்குற இதய மாத்திரையும் சாப்பிடுறாருன்னா பொட்டாசியம் குறைஞ்ச உடம்புல டிகாக்சின் விஷமாகுற அபாயம் அதிகம், அதனால குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் முழுசா இதயத்துடிப்பு கேக்கணும், பெரியவங்களுக்கு 60க்கு கீழ இருந்தா குடுக்காம டாக்டர்கிட்ட சொல்லணும். பாருங்க, ஒரு தலகாணில ஆரம்பிச்சு மாத்திர வரைக்கும் ஒரே சங்கிலி. இப்படிப் படிச்சா மறக்கவே மறக்காது.

அப்புறம் தல சுத்தறது. அது போயிடும், ரொம்ப பேருக்கு கொஞ்ச நாள்லயே போயிடும். வெறும் வயித்தோட ட்ரெஸ்ஸிங் ரூமுக்கோ தியேட்டருக்கோ போகாதீங்க, முழங்கால விறைப்பா பூட்டி நிக்காதீங்க, கண்ணு இருட்டுற மாதிரி இருந்தா வெட்கப்படாம சொல்லிட்டு அங்கயே தரையில உக்காருங்க. பேஷண்டோட புண்ணுல ஏதாவது ஒரு வேலை உங்க கையில குடுத்துட்டா, சும்மா நின்னு பாக்குறப்ப வந்த மயக்கம் வராது, மனசு வேலையில போயிடும்.

கடைசியா காலேஜ் எடுக்குறதுக்கு ஒரு அளவுகோல். ஐரோப்பிய யூனியன் சட்டத்துல பொது நர்ஸ் படிப்புக்கு குறைஞ்சது 3 வருஷம், 4,600 மணி நேரம்னு இருக்கு, அதுல பாதியாவது பேஷண்ட் பக்கத்துல இருக்கணும். பாதி! கிளாஸ் ரூம் எவ்வளவு பெருசுங்குறத விட போஸ்டிங் போற ஆஸ்பத்திரி எப்படிங்குறது தான் உங்கள நர்ஸ் ஆக்கும்.

டயாலிசிஸ்_தம்பி:

நான் ஒரு பையன் நர்ஸ், இங்க படிக்கிற பசங்களுக்காகவும் சேத்து சொல்றேன், ஆம்பளைங்க தாராளமா வரலாம், வந்தா வெறும் தூக்குற வேலைக்கு மட்டும் நம்மள கூப்பிடாத எடமாப் பாத்து சேருங்க.

வார்டு தானான்னு கேட்டிங்கல்ல, டயாலிசிஸ் பத்தி யாரும் சொல்ல மாட்டாங்க. வழக்கமா வாரத்துக்கு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல, அதே பேஷண்ட் அதே நாற்காலிக்கு வருவாரு, வருஷக்கணக்கா. வார்டுல பேஷண்ட் பேர் மனசுல பதியுறதுக்குள்ள டிஸ்சார்ஜ் ஆகிடுவாரு, இங்க அவரோட பேத்திக்கு எந்த பாடத்துல மார்க் கம்மின்னு வரைக்கும் நமக்குத் தெரியும். வேலையும் ரொம்ப நுணுக்கம், ஊசி குத்துறதுக்கு முன்னாடி கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ஆபரேஷன் பண்ணி தமனியையும் சிரையையும் இணைச்ச எடம்) மேல விரல வெச்சா உள்ள தேனீ ரீங்காரம் போடுற மாதிரி ஒரு அதிர்வு தெரியணும், ஸ்டெத் வெச்சா உஸ் உஸ்னு சத்தம் கேக்கணும், ரெண்டும் இல்லைன்னா ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கலாம், ஊசிய கீழ வெச்சுட்டு டாக்டர கூப்பிடணும். அந்த ஃபிஸ்டுலா கையில பி.பி. கட்டக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாதுன்னு அவங்க வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லிக் குடுக்கணும். சில சென்டர்ல நைட் டூட்டியே கிடையாது, அத அப்பாகிட்ட சொல்லலாம்.

மலர்_புதுசு:

அய்யோ ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஐசியூ அக்கா எழுதுனத அப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன், மூச்ச எண்ணுற இடத்துல நிறுத்தி இன்னொரு தடவ படிக்கச் சொன்னாரு. இப்ப அவரு கேக்குறது வேற, "சரி, படிக்கட்டும், அம்பது வயசுல முதுகு வலியோட நைட் டூட்டி பாப்பாளா"ன்னு. அதுக்கும் யாராவது சொல்லுங்க. வெளிநாட்டு பரீட்ச பத்தியும்.

கரை_தாண்டிய_நர்ஸ்:

வெளிநாட்டுக்கு நான் சொல்றேன் மலர். ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோ, நர்ஸ் லைசென்ஸ் டிரைவிங் லைசென்ஸ விட கெடுபிடி, ஒரு நாட்டுல வாங்குனது இன்னொரு நாட்டுல தானா செல்லாது, போற எடத்து கவுன்சில் உன் படிப்ப மணிக்கணக்கு வரைக்கும் பாப்பாங்க. அதனால முதல் வருஷத்துல இருந்தே ட்ரான்ஸ்கிரிப்ட், போஸ்டிங் லாக் புக், எந்த டிபார்ட்மெண்ட்ல எத்தன மணி நேரம்ங்குறது எல்லாத்தையும் காப்பி எடுத்து பத்திரமா வெச்சுக்கோ, பத்து வருஷம் கழிச்சு காலேஜ்ல போய் கேட்டு வாங்குறது பெரும் பாடு.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ்னு நர்ஸ் லைசென்ஸ் பரீட்ச. கனடாவும் 2015ல இருந்து அதத் தான் வெச்சிருக்காங்க, ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டுல படிச்சு வர்ற நிறைய பேர அத எழுதச் சொல்றாங்க. கம்ப்யூட்டர் நீ போடுற பதில பாத்து அடுத்த கேள்வியோட கஷ்டத்த மாத்தும். குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150, 5 மணி நேரம். நீ பாஸா ஃபெயிலான்னு 95 சதவீதம் உறுதி ஆனதும் பரீட்ச தானா நின்னுடும், அதனால 85லயே நின்னா ஃபெயில்னு அழுதுக்கிட்டு வெளிய வர்றவங்க இருக்காங்க, அப்படி ஒரு அர்த்தமும் கிடையாது. 2023 ஏப்ரல்ல இருந்து கேள்வி மாதிரியே மாத்திட்டாங்க, ஒரு பேஷண்டோட கேஸ் ஷீட்ட குடுத்து, இதுல எது கவலைக்குரியது, முதல்ல எதச் செய்வ, செஞ்ச பிறகு பேஷண்ட் தேறுறாரா இல்லையான்னு ஆறு கேள்வியா கேப்பாங்க. பாடம்_எடுக்குறவர் சொன்ன சங்கிலி முறையில படிச்சிருந்தா இது கைக்குள்ள வரும், மனப்பாடத்துக்கு இதுல வேலையே இல்ல.

பிரிட்டனுக்கு முதல்ல கம்ப்யூட்டர் டெஸ்ட், அப்புறம் ஆஸ்கின்னு செய்முறை பரீட்ச. ஆஸ்கில 10 ஸ்டேஷன், செஞ்சு காட்டணும். அதுல சறுக்குறவங்க பெரிய விஷயத்துல சறுக்குறதில்ல. மாத்திர குடுக்குறதுக்கு முன்னாடி பேர், பிறந்த தேதி கேட்டு கைப்பட்டைய பாக்குறது, அலர்ஜி இருக்கான்னு கேக்குறது, கை சுத்தம் பண்றது, இதுல ஒண்ண விட்டா மிச்சம் எவ்வளவு நல்லா செஞ்சாலும் போச்சு. நாம வார்டுல அவசரத்துல "தெரிஞ்ச பேஷண்ட் தானே"ன்னு விடுறது தான் அங்க மாட்டி விடும். இங்கிலீஷுக்கு ஐஇஎல்டிஎஸ் இல்லைன்னா ஓஇடி, நர்ஸுங்களுக்கு ஓஇடி கொஞ்சம் பழகின மாதிரி இருக்கும், கேஸ் நோட்ஸ் குடுத்து ரெஃபரல் லெட்டரோ டிஸ்சார்ஜ் லெட்டரோ எழுதச் சொல்லுவாங்க, அது நம்ம தினப்படி வேலை தானே.

ஏஜென்சி மூலமா போனா கான்ட்ராக்ட்ட ஒவ்வொரு வரியா படி, நடுவுல வேலைய விட்டா எவ்வளவு கட்டணும்னு போட்டிருக்கான்னு பாரு, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் யார் கையிலயும் குடுத்து வைக்காத. வேலைக்கு எடுக்க காசு கேக்குறவங்கள அங்கயே நிறுத்திடு.

தொற்று_தடுப்பு_சிஸ்டர்:

அப்பாவோட முதுகு வலி கேள்விக்கு நான் பதில் சொல்றேன், நான் வார்டுல இருந்து மாறி இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோலுக்கு வந்தவ.

நர்சிங்ல பட்டம் ஒண்ணு தான், வாசல் நிறைய. தியேட்டர், கேன்சர், பிரசவம், மனநலம், குழந்தைங்க ஐசியூன்னு பெட் பக்கத்துலயே பல தினுசு. பெட்ட விட்டு வந்தா ஸ்கூல் நர்ஸ், ஃபேக்டரில ஆக்குபேஷனல் ஹெல்த், சுகர் பேஷண்டுக்கு இன்சுலின் சொல்லிக் குடுக்குற எஜுகேட்டர், புது மருந்து சோதனையில ரிசர்ச் நர்ஸ், ஆஸ்பத்திரி குவாலிட்டி, கம்ப்யூட்டர் ரெக்கார்ட் பக்கம் இன்ஃபர்மேடிக்ஸ், காலேஜ்ல டீச்சிங். சில நாடுகள்ல நர்ஸ் பிராக்டிஷனர்னு இருக்கு, மேல்படிப்பு முடிச்சா அவங்களே பேஷண்ட பரிசோதிச்சு மருந்தும் எழுதலாம், அமெரிக்காவுல கொலராடோ யுனிவர்சிட்டில 1965ல லொரெட்டா ஃபோர்டுன்னு ஒரு நர்ஸும் ஹென்றி சில்வர்னு ஒரு குழந்தைங்க டாக்டரும் சேந்து ஆரம்பிச்சது.

என் வேலை என்னன்னு சொல்றேன், கேளு. ஐசியூல கழுத்துல பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போடுற சென்ட்ரல் லைன்ங்குற ட்யூப் இருக்குல்ல, அது வழியா கிருமி ரத்தத்துக்குள்ள போயிடும், முன்னாடி இது ஐசியூல தவிர்க்க முடியாததுன்னே நெனச்சாங்க. அமெரிக்காவுல பீட்டர் ப்ரோனவாஸ்ட்ங்குற டாக்டர் அஞ்சே அஞ்சு விஷயத்த ஒரு லிஸ்ட்டா போட்டாரு, கை கழுவு, குளோர்ஹெக்சிடின்ங்குற கிருமிநாசினி வெச்சு தோல துடை, பேஷண்ட முழுசா ஸ்டெரைல் துணியால மூடி நீயும் கவுன் மாஸ்க் போடு, முடிஞ்சா தொடைல போடாத, தேவை முடிஞ்சதும் எடுத்துடு. இதுல ஒண்ணு கூட புதுசு இல்ல. புதுசு என்னன்னா, டாக்டர் ஒரு படிய விட்டா நர்ஸ் அங்கயே நிறுத்தலாம்னு அதிகாரம் குடுத்தது தான். மிச்சிகன் மாநிலத்துல நூத்துக்கும் மேல ஐசியூல இத செஞ்சு 2006ல ரிசல்ட்ட வெளியிட்டாங்க, 18 மாசத்துல இந்த தொற்று 66 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருந்துச்சு. டாக்டர் சொல்றத செய்யுற வேலைன்னு அப்பா நெனச்சாரே, டாக்டர நிறுத்துற வேலையும் நம்மளோடது தான்னு சொல்லு மா.

ஆனா ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், இந்த வாசல் எதுவும் படிச்சு முடிச்ச அன்னிக்கே தொறக்காது. ஒரு ரெண்டு வருஷமாவது நல்ல ஜெனரல் வார்டுல இல்ல ஐசியூல நின்னிருக்கணும். வார்டுல கை வேலை பாக்காதவங்க வந்து "கை கழுவல"ன்னு சொன்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க, ஆறு பேஷண்ட ஒரே ஆளா பாக்குறப்ப எந்த எடத்துல கை கழுவுறது விட்டுப் போகும்னு அனுபவிச்சவங்களுக்கு தான் தெரியும், தெரிஞ்சா தான் சானிடைசர எங்க மாட்டணும்னு புரியும்.

சாயங்கால_டூட்டி:

எல்லாரும் நல்லத சொல்லிட்டீங்க, மத்ததையும் யாராவது சொல்லணும். மலர், இது கஷ்டமான வேலை. ஆளு பத்தாத வார்டு தான் பெரும்பாலும் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025ல குடுத்த ரிப்போர்ட்ல உலகம் பூரா 2.98 கோடி நர்ஸ் இருக்காங்க, அப்படியும் 58 லட்சம் பேர் பத்தலன்னு இருக்கு, அந்த பத்தாக்குறைய யாரு சுமக்குறது, டூட்டில நிக்குறவங்க தான். கலிஃபோர்னியால ஒரு நர்ஸுக்கு இத்தன பேஷண்ட் தான்னு சட்டமே போட்டு 2004ல இருந்து அமல்ல இருக்கு, ஐசியூல ஒருத்தருக்கு ரெண்டு, சாதாரண மெடிக்கல் வார்டுல அஞ்சு. இப்படி சட்டம் இல்லாத எடம் தான் அதிகம். நீ வேலைக்கு சேரும்போது சம்பளத்த கேக்குறதுக்கு முன்னாடி நைட்ல ஒரு ஆளுக்கு எத்தன பேஷண்ட்னு கேளு.

முதுகப் பத்தி அப்பா கவலப்படுறது நியாயம் தான். பேஷண்ட தனியா தூக்காத, எவ்வளவு ஒல்லியா இருந்தாலும் சரி, ஸ்லைடு ஷீட் (பேஷண்டுக்கு அடியில போட்டு நகத்துற வழுக்கு துணி) இருந்தா எடு, இல்லைன்னா இன்னொரு ஆள் வர்ற வரைக்கும் நில்லு, பெட்ட உன் இடுப்பு உயரத்துக்கு ஏத்திக்கோ. சின்ன வயசுல முடியுதுன்னு தூக்குறவங்க தான் பின்னாடி அவதிப்படுறாங்க.

அப்புறம் சாவு. முதல் சாவு உன்ன உலுக்கும், அத உள்ள போட்டு பூட்டாத, கூட டூட்டில இருந்தவங்ககிட்ட பேசு. இவ்வளவும் தெரிஞ்சே நான் இந்த வேலைய விடல, விடவும் மாட்டேன். ஆபரேஷன் முடிஞ்சு முதல் தடவ கால ஊனி நிக்கிற பேஷண்டோட முழங்கைய புடிச்சிருக்குறப்ப அந்த நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குறது நம்ம கைக்கு தெரியும், அதுக்காகவே வரலாம்.

மலர்_புதுசு:

சாயங்கால_டூட்டி அக்கா (அண்ணாவா? தெரியல மன்னிச்சுக்கோங்க), இத சொன்னதுக்கு தான் ரொம்ப நன்றி, யாரும் இத சொல்ல மாட்டாங்க. அப்பா எல்லாத்தையும் படிச்சிட்டாரு. அடுத்த வாரம் ரெண்டு காலேஜ் பாக்க அவரே கூட்டிட்டுப் போறாராம்! அங்க போயி என்னென்ன கேக்கணும்?

ஐசியூ_அக்கா:

சூப்பர் மா. கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு புதுப்பிச்சிருக்கான்னு பேப்பர்லயே பாரு, பழைய ஃப்ரேம் போட்ட சர்டிபிகேட்ட காட்டுவாங்க, தேதிய பாரு. போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரி, அங்க பிரசவ வார்டும் குழந்தைங்க வார்டும் மனநல வார்டும் இருக்கா, இல்ல அதுக்கெல்லாம் வேற எடம் அனுப்புறாங்களா, ஒரு டீச்சருக்கு எத்தன ஸ்டூடண்ட்னு கேளு. ஸ்கில் லேப திறந்து காட்டச் சொல்லு, பொம்மைங்க மேல தூசி இருந்தா அங்க யாரும் பழகுறதில்லன்னு அர்த்தம். கட்டிடத்த சுத்திக் காட்டி முடிச்சதும் அப்பாவ ஆபீஸ்ல பேசவிட்டுட்டு நீ தனியா மூணாவது வருஷ அக்காங்க ரெண்டு பேர புடிச்சு, இதுவரைக்கும் எத்தன பேஷண்டுக்கு நீங்களே ட்ரிப்ஸ் லைன் போட்டிருக்கீங்க, எத்தன பிரசவம் கூட நின்னு பாத்திருக்கீங்கன்னு கேளு, பதில் டக்குனு வருதா இழுக்குறாங்களான்னு கவனி. பாத்துட்டு வந்து ரெண்டு காலேஜ் பத்தியும் இங்கயே எழுது, பேர் போடாம எழுது, நாங்க பாத்து சொல்றோம்.